மங்களம் வீட்டுப் பாசி

மங்களத்துக்குக் குமட்டாத பொருள் உலகத்தில் குறைவு. பால்மேல் படியும் ஆடை, அடுத்தவர் சீப்பு, பஸ்ஸில் பிடித்துக்கொள்ளும் கம்பி, ஈரக் கையால் எண்ணிக் கொடுக்கப்படும் நோட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே முகச்சுளிப்பு, ஒரே "ச்சீ". பெங்களூர் ஈஜிபுராவில் அவள் தெருவுக்கே அந்த "ச்சீ" பழக்கம். பால்காரர் அவள் வாசலில் மட்டும் விரல் உள்ளே படாமல் படியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டதற்குக் காரணம் பக்தி அல்ல, பயம்.

ஆனால் அவள் அடிவயிற்றிலிருந்து வெறுத்தது பாசியைத்தான். மற்ற அழுக்கெல்லாம் யாரோ போட்டதால் வருவது. பாசி தானாக வருவது. துடைத்துவிட்டுத் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் வளரும். அதை அவளால் பொறுத்துக்கொள்ளவே முடிந்ததில்லை.

அவள் கணவன் கணேசமூர்த்தி வாணியம்பாடிக்காரர், பெரிய தொழிற்சாலையொன்றில் லேத் ஓட்டியவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஈஜிபுராவில் மனை வாங்கி வீடு கட்டினார். கீழே மூன்று குடித்தனம், மேலே இவர்கள் இரண்டு பேர், அதற்கும் மேலே மொட்டை மாடியில் ஒரு சிமெண்ட் தொட்டி. குழந்தை இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் குழாய்த் தண்ணீர் தரைக்கடியில் இருக்கும் சம்ப்பில் நிறையும். மோட்டார் போட்டால் மேலே ஏறும். குடிப்பதும் குளிப்பதும் நாலு வீட்டுக்கும் அந்தத் தொட்டியிலிருந்துதான்.

மனை ஏரிப்பக்கத்து மனை. மழைக்காலம் முடிந்தும் தரையில் ஈரம் போகாது. வீட்டுக்குப் பின்னால் ஒருவர் நாலு மாடி எழுப்பினார். அதோடு வடக்குச் சுவருக்கு வெயில் நின்றுபோயிற்று. குளியலறைக் குழாய் வேறு அங்கே கசிந்தது. ஒரே மழைக்காலத்தில் வெள்ளைச் சுவர் பச்சை வெல்வெட் போர்த்துக்கொண்டது. நாள் முழுக்க வெயில் காயும் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் தப்பியதா என்றால் அதுவும் இல்லை. அங்கே கறுப்பு. அடிப்பிடித்த பாத்திரம் போல ஒட்டிக் கிடக்கும், தூறல் விழுந்தால் ஊறி வழுக்கும். கிழக்குச் சந்தில் இன்னொரு கூத்து. காற்றும் ஈரமும் மட்டும் புகும் அந்த இடுக்கில் சுவர் காவி நிறத்தில் பூத்தது. பெயிண்டர் செம்மண் கலந்துவிட்டான் என்று மங்களம் சண்டைக்கே போனாள். பிறகு நகத்தால் சுரண்டிப் பார்த்தால் மாவு மாதிரி உதிர்ந்தது. உயிருள்ளது! மூன்று நாள் அந்த நகத்தால் அவள் சோறு பிசையவில்லை.

"நம்ம வீட்டுல மூணு கட்சிக் கொடியும் பறக்குது" என்று கணேசமூர்த்தி சிரிப்பார்.

"சிரிங்க. ஒருநாள் படுக்கையில ஏறி வந்து உக்காந்துக்கும், அப்ப தெரியும்" என்பாள் மங்களம்.

ஊரெல்லாம் பெங்களூர் குளிரைப் புகழ்ந்தது. ஃபேன் வேண்டாம், வியர்வை இல்லை, பென்ஷன் வாங்கிக்கொண்டு இங்கேயே கிடக்கலாம் என்று. மங்களம் மட்டும் திட்டினாள். சுடவும் தெரியாமல் காயவும் தெரியாமல் எப்போதும் கொஞ்சம் நமுத்தே கிடக்கும் ஊர் பாசிக்கு மாமியார் வீடு மாதிரி என்பது அவள் கட்சி. கம்பி பிரஷ், பிளீச்சிங் பவுடர், மயில்துத்தம் என்று மாற்றி மாற்றிப் போட்டுத் தேய்த்தாள். கை தோல் உரிந்தது. பாசி மட்டும் இடம் மாறிக்கொண்டதே தவிர வீட்டை விட்டுப் போகவில்லை.

கீழே பின்பக்கக் குடித்தனத்தில் இருந்தவள் சொர்ணம். பக்கத்து நர்சிங் ஹோமில் ஆயா. அவள் புருஷன் உத்தமன் ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுபவன். இரண்டு பேரும் பழைய கன்டோன்மென்ட் பக்கத்து ஆட்கள். அவர்கள் வீடு தேடி அலைந்த கதை சொர்ணம் சொல்லித்தான் மங்களத்துக்குத் தெரியும். எந்தத் தெருவில் போய்க் கேட்டாலும் முதலில் எந்த ஊர், அடுத்து கறி சாப்பிடுவீர்களா, கடைசியில் நீங்கள் என்ன ஆட்கள் என்று கேள்வி வரும். பதில் சொன்ன பிறகு வீடு ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டிருக்கும். கணேசமூர்த்தி ஒன்றும் கேட்கவில்லை. சாவியைக் கையில் கொடுத்து, "மோட்டார் போடற முறை வந்தா மறக்காம போடும்மா" என்றார். அவ்வளவுதான்.

சொர்ணம் வீட்டுச் சுவரில் புத்தர் படம் மாட்டியிருந்தது. பௌர்ணமி தோறும் அதற்கு விளக்கு ஏற்றுவாள். அந்தப் படத்தைப் பார்த்ததுமே அவர்கள் என்ன ஆட்கள் என்று மங்களத்துக்கு விளங்கிவிட்டது. ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. சாதி பார்க்கிறவள் என்று யாராவது சொல்லியிருந்தால் அவளுக்குக் கோபம் வந்திருக்கும். தான் பார்ப்பது சுத்தம் மட்டும்தான் என்று அவள் மனதார நம்பினாள். இந்த ரக நம்பிக்கைக்காரர்கள் நம் ஊரில் நிறையப் பேர். எல்லாரும் ஒன்று என்று வாய் கூசாமல் பேசுவார்கள், கை மட்டும் கூசும்.

தொண்ணூற்றெட்டில் கணேசமூர்த்திக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுக்க விழுந்து படுக்கையில் கிடந்தார். சில வாரத்தில் முதுகில் புண் வந்தது. மங்களம் எத்தனையோ முயன்றாள். சுடுதண்ணீரும் பஞ்சும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் போவாள். புண்ணின் ஈரமும் வாடையும் பட்டதும் தொண்டைக்குள் ஏதோ ஏறும். வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள். இருபத்தைந்து வருஷம் கூடப் படுத்தெழுந்த மனிதரின் உடம்பு! அவர் இடக்கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பேச முடியாதது ஒருவகையில் நல்லதாயிற்று என்று நினைத்ததற்காகவும் மங்களம் தன்னையே வெறுத்தாள்.

ஒருநாள் காலை ஓங்கரிக்கும் சத்தம் கேட்டு சொர்ணம் மேலே வந்தாள். ஒரு பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. "நீங்க தள்ளுங்கக்கா" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அன்றிலிருந்து வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் அவள்தான் துடைத்தாள், புரட்டினாள், மருந்து வைத்தாள், துணி மாற்றினாள். கணேசமூர்த்தியிடம் ஏதேதோ பேசிக்கொண்டே செய்வாள். "இன்னாண்ணா, இன்னிக்கு மூஞ்சி தெளிவா கீது?" என்பாள். அவர் சிரிக்க முயல்வார். மங்களம் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு நிலைப்படியில் நிற்பாள். இரண்டாயிரமாவது வருஷ ஜனவரிக் குளிரில் அவர் போனார். கடைசியாகக் குளிப்பாட்டியதிலும் சொர்ணத்தின் கை இருந்தது.

அதன் பிறகு மங்களத்துக்குப் புதிதாக இரண்டு பழக்கம் ஒட்டிக்கொண்டன.

ஒன்று வெயில். படுக்கைப் புண்ணுக்காக வந்த டாக்டர், மெத்தையை வெயிலில் போடுங்கள், வெயிலைவிடப் பெரிய கிருமிநாசினி இல்லை என்று சொல்லியிருந்தார். அதை அவள் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். மெத்தையில் ஆரம்பித்து தலையணை, துடைப்பம், செருப்பு என்று வளர்ந்து, கடைசியில் தொட்டிக்கு வந்தது. வானம் வெளுத்திருக்கும் நாளில் காலையில் மேலே போய்த் தொட்டியின் தகர மூடியைத் தள்ளி வைத்துவிடுவாள். உள்ளே வெயில் விழும், தண்ணீரில் உள்ளதெல்லாம் செத்துப்போகும் என்பது கணக்கு. பொழுது சாயும்போது மூடுவாள்.

இரண்டாவது காக்கைச் சோறு. தினமும் உலை இறக்கியதும் முதல் பிடி அவருக்கு. நெய் விட்டு, பருப்பு பிசைந்து, அவருக்குப் பிடித்ததென்று அப்பளத்தையும் நொறுக்கிப் போட்டு மாடிக்குக் கொண்டு போவாள். கைப்பிடிச் சுவர் கறுத்து அருவருப்பாகக் கிடந்ததால் சோற்றைத் தொட்டியின் விளிம்பில்தான் வைப்பாள். அங்கே சிமெண்ட் சுத்தமாக இருந்தது. "கா, கா" என்று கூப்பிட்டுவிட்டு உடனே கீழே இறங்கிவிடுவாள். நின்று பார்க்க அவளால் ஆகாது. அந்த அலகு, அது எதையெல்லாம் கொத்திவிட்டு வந்திருக்கும் என்ற நினைப்பு! உயிரோடிருந்தபோது தொட முடியாதவருக்குச் செத்த பிறகாவது ஒருநாள் தவறாமல் சோறு வைக்கிறோம் என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியைக் கெடுத்துக்கொள்ள அவள் விரும்பவில்லை.

அடுத்த வருஷம் மார்ச்சில் குழாயைத் திறந்தாள். குடத்தில் பச்சை நூல் விழுந்தது. முதலில் துணி நூல் என்று நினைத்தாள். விரலால் எடுத்தபோது வழவழவென்று நீண்டு வந்தது. அலறிக்கொண்டு குடத்தைக் கவிழ்த்தாள். தொட்டியில் போய்ப் பார்த்தால் சுவரெல்லாம் பச்சை, அடியில் குழகுழவென்று சேறு, மேலே நுரைத்த ஏடு. மண்வாடையும் மீன்வாடையுமாக ஒரு வீச்சம். அன்று முழுக்க அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. ஆள் வைத்துத் தொட்டியைக் கழுவி பிளீச்சிங் போட்டாள். ஏப்ரலில் மறுபடி வந்தது.

முன்பக்கக் குடித்தனக்காரர் வெங்கடசாமி, லாரி ஆபீஸில் கிளார்க். ஊர்க்கதை பேசுவதில் வல்லவர். அவர் படிக்கட்டில் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொல்றேன்னு நெனச்சுக்காதீங்கம்மா. அந்த ஆயாம்மா ஆஸ்பத்திரித் துணிய டேங்க் பக்கத்துலயே கொடியில போடுது. துணி அலசின கையி, டேங்குல பட்டுதோ என்னமோ. நமக்கு வேணா ஒரு மாதிரியா இருக்கும். அவங்க வளந்த வளப்பே வேற இல்லியா?"

"அப்படிச் சொல்லாதீங்க" என்றாள் மங்களம். ஆனால் சொல்லியாகிவிட்டது. சொல்ல ஒருவர் வேண்டும் என்று அவள் மனம் காத்துக்கொண்டிருந்தது போல அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. சொர்ணம் மாடியேறும் போதெல்லாம் மங்களத்தின் காது விறைத்தது. ஒருநாள் தொட்டி மூடி திறந்திருப்பதையும் பக்கத்தில் சொர்ணம் நிற்பதையும் பார்த்தாள். மூடியைத் திறந்து வைத்தது தான்தான் என்பது அந்த நேரத்தில் அவள் நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் ஒதுக்கித் தள்ளியிருப்பாள்.

மே மாதம் சொர்ணத்தைக் கூப்பிட்டு, வீட்டைக் காலி செய்யச் சொன்னாள். வீட்டைப் பழுதுபார்க்கப்போகிறேன் என்று சாக்குச் சொன்னாள். சொர்ணம் நம்பவில்லை.

"தண்ணிக்காகவாக்கா?"

மங்களத்தின் கண் மாடிப்படிப் பக்கம் போய் வந்தது.

"நான் அந்த டேங்க தொட்டது கூட கெடையாதுக்கா. எங்கக்கா போவேன்? வேல இங்க. நடந்து போற தூரம். இன்னொரு வூடு இந்த ஏரியாவுல எவன் குடுப்பான்? அலஞ்சது உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு எல்லாம் தெரியும். ஆனா நாலு குடும்பம் குடிக்கற தண்ணி. சுத்தம் முக்கியம் இல்லியா?"

சொர்ணம் தன் இரண்டு கையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "அண்ணன தொடச்சப்ப இந்தக் கை சுத்தமா இருந்துச்சா?" என்றாள். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்பவள் போலக் கேட்டாள். மங்களம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாதக் கடைசியில் ஒரு டெம்போ வந்தது, சாமான் ஏறியது, பின்பக்கக் குடித்தனம் காலியானது.

ஜூனில் மழை பிடித்தது. தொட்டியை இன்னொரு தரம் கழுவியிருந்தாள். தண்ணீர் தெளிந்து வந்தது. ஜூலை, ஆகஸ்ட், அக்டோபர் வரை ஒரு நூல் இல்லை. மங்களத்தின் உடம்பே லேசானது. கோயிலில், ரேஷன் கடையில், பார்த்தவர்களிடமெல்லாம், "அந்தம்மா போனதுலேர்ந்து தண்ணி கண்ணாடிங்க" என்றாள். தான் செய்தது சரி என்பதற்கு மழையே வந்து சாட்சி சொன்னது போல இருந்தது. சுவர்ப் பாசி மட்டும் அந்த வருஷம் முன்னைவிட மதமதவென்று தழைத்தது. அதை அவள் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பின்பக்கத்துக்குப் புதிதாக வந்தவள் பார்கவி. பெண்கள் கல்லூரியொன்றில் தாவரவியல் விரிவுரையாளர். மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். பேச்சு பாதி கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடியும். வந்த மறுவாரமே அவள் வடக்குச் சுவரில் பிளேடால் பாசியைச் சுரண்டிக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தாள்.

"ச்சீ! என்னம்மா பண்றே?"

"ஆன்ட்டி, இது பொக்கிஷம். எங்க காலேஜ் பிள்ளைங்களுக்கு இதத் தேடி ஊர் சுத்த வேண்டியதில்ல, உங்க ஒரு வீடு போதும். இந்தச் சுவர்ல நெழலும் ஈரமும், அதான் பச்சை. மாடில இருக்கறது வேற ஜாதி. வெயில் தாங்கணுமே, அதனால உடம்புல கறுப்பு பூசிக்கிட்டிருக்கு. அந்தக் கறுப்புதான் அதுக்குக் குடை. சந்துல காவியா இருக்கே, அதுவும் பச்சைப் பாசிதான், மேல சாயம் ஏத்திக்கிட்டிருக்கு. மரத்துல கூடப் பாக்கலாம். காத்து, பொகை, கசிவு, வெயில், எது எங்க எப்படி இருக்கோ அதுக்குத் தக்கபடி ஒண்ணு வந்து உக்காரும். கண்ணுக்குத் தெரியாத உசுரு, ஆனா நாம எப்படி வாழறோம்னு சொவத்துல எழுதி வெச்சிடும்."

"எழுதினது போதும், கைய சோப்புப் போட்டுக் கழுவு" என்றாள் மங்களம். படித்த பெண் பாசியைக் கொஞ்சுவதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

பிப்ரவரி முடியும்போது வெயில் ஏறியது. மங்களம் வழக்கம்போல மூடியைத் தள்ளி வைக்க ஆரம்பித்தாள். மார்ச் நடுவில் ஒருநாள் காலை குழாயைத் திறந்தாள். குடத்தில் பச்சை நூல்.

அவள் அலறவில்லை. குடத்தைப் பார்த்தபடியே நின்றாள். சொர்ணம் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. யார் மேல் பழி போடுவது என்று மனம் தேடியது. வெங்கடசாமி மீது சந்தேகம் போய்த் திரும்பி வந்தது. அவர் மாடியேறியே மாதக்கணக்காயிற்று. கடைசியில் வேறு வழியில்லாமல் பார்கவியைக் கூப்பிட்டாள்.

பார்கவி ஒரு ஜாம் பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்தாள். சனிக்கிழமை கல்லூரியிலிருந்து பழைய மைக்ராஸ்கோப் ஒன்றைக் கொண்டுவந்து மங்களத்தின் ஜன்னல் திண்டில் வைத்து, ஒரு கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு விட்டாள். "பாருங்க ஆன்ட்டி."

மங்களம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை வைத்தாள். பச்சைக் குழாய்கள் கோடு கோடாகக் கிடந்தன, ஒவ்வொன்றுக்குள்ளும் ரிப்பன் சுற்றியது போல ஒரு சுருள். நாலு நாலாக ஒட்டிக்கொண்ட பச்சை மணிகள். கண்ணாடியால் செய்த படகு மாதிரி ஒன்று தானாக நகர்ந்து போனது. நீலப்பச்சையில் ஒரு நூல் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. பச்சை நூல் விழுந்த நாள் வரை அவள் தினமும் காப்பி போட்டுக் குடித்த தண்ணீர் அது. கண்ணை எடுத்துவிட்டுக் குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்தாள்.

அவள் முகம் கழுவி வரும்வரை பார்கவி காத்திருந்தாள். "ஆன்ட்டி, கொழாத் தண்ணி வெறும் தண்ணி. அதுல இவ்வளவு வளரணும்னா ரெண்டு விஷயம் வேணும். ஒண்ணு வெயில். இன்னொண்ணு எரு. டேங்குக்குள்ள வெயில் எப்படி வருது?"

மங்களம் மெதுவாகச் சொன்னாள். தினமும் மூடியைத் தள்ளி வைப்பதை, கிருமி சாகட்டும் என்று.

"அய்யோ. வெயில்தான் ஆன்ட்டி அதுக்குச் சாப்பாடே. நீங்க கதவத் தெறந்து வெச்சு ஊட்டியிருக்கீங்க. சரி, எரு எங்கேர்ந்து?"

அது எங்கிருந்து என்று மங்களத்துக்குத் தெரியவில்லை. சோறு வைக்கும் நேரம் வந்தது. பார்கவியும் கூடவே மாடிக்கு வந்தாள். காலையில் தள்ளி வைத்த மூடி அப்படியே கிடந்தது. மங்களம் விளிம்பில் சோற்றை வைத்து, கூப்பிட்டு, வழக்கம்போல இறங்கப் போனாள். பார்கவி அவள் கையைப் பிடித்து மாடிக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினாள். "இருங்க, பாக்கலாம்."

முதல் காகம் வந்தது. சோற்றைக் கொத்தியது. கொத்திய கவளத்தை அலகில் வைத்துக்கொண்டு திரும்பி, தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்துத் தின்றது. பாதிச் சோறு தண்ணீரோடு போயிற்று. இன்னொன்று வந்தது. அதன் வாயில் கறிக்கடைக் குப்பையிலிருந்து எடுத்த குடல் துண்டு. அதையும் முக்கியது, ஊறவைத்தது, ஒரு காலால் பிடித்துக் கிழித்தது. மூன்றாவது உள்விளிம்பில் இறங்கி இறக்கையை அடித்துக் குளித்தது. குளித்து ஏறியதும் வாலைத் தூக்கி, தண்ணீருக்குள்ளேயே வெள்ளையாக எச்சமிட்டது. ஒரு வருஷமல்ல, இரண்டு வருஷமாக மூடி திறந்த நாளெல்லாம் இதுதான் நடந்திருக்கிறது. அவளே கூப்பிட்டு, அவளே நெய் விட்டு, அவளே இலவசமாக நடத்திய சத்திரம்.

மங்களத்தின் வயிற்றில் இனி எடுக்க ஒன்றுமில்லை. வெறும் ஓங்கரிப்பு மட்டும் வந்தது. அந்தத் தண்ணீரில்தான் சாமிக்கு அபிஷேகம் செய்திருக்கிறாள். பல் துலக்கியிருக்கிறாள். சுத்தம் என்று ஊருக்குப் பாடம் எடுத்த வாயை அதில்தான் கொப்பளித்திருக்கிறாள்.

"அப்ப..." என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டே. "அந்தப் பொண்ணு போனதும் நின்னுச்சே? மழைக்காலம் முழுக்க வரலையே?"

"எப்ப போனாங்க?"

"மே கடைசியில."

"அப்பறம் மழை. மழையில மூடியத் தெறந்து வெச்சிருப்பீங்களா? மூடித்தானே இருந்திருக்கும். மேல மேகமூட்டம் வேற. இருட்டுல இது வளராது ஆன்ட்டி. அவங்க போனதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

பார்கவி கேள்வியாகத்தான் கேட்டாள். அவளுக்கு சொர்ணத்தைத் தெரியாது. மங்களம் அந்த வெயிலில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரேஷன் கடையில் தான் சொன்னதெல்லாம் தன் குரலிலேயே காதில் கேட்டது. பாசிக்குக்கூட ஒரு நியாயம் இருக்கிறது, வெயில் இருந்தால் வரும், இல்லாவிட்டால் வராது. தான் எந்த நியாயத்தில் வளர்ந்தோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் தோலே வழவழப்பது போல் இருந்தது.

நர்சிங் ஹோமில் விசாரித்தாள். சொர்ணம் வேலையை விட்டு வெகுநாளாகிறது என்றார் வாட்ச்மேன். ஈஜிபுரா, மடிவாளா, பொம்மனஹள்ளி என்று எங்கும் வீடு கிடைக்காமல் ஊர் எல்லை தாண்டி அத்திபெலே வரை போய்விட்டார்களாம். அங்கிருந்து காலை டியூட்டிக்கு வந்து சேர முடியவில்லை. "நல்ல ஆயாம்மா. திரும்பி வந்தா இன்னிக்கே சேத்துக்குவாங்க" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மங்களம் மடிவாளாவில் பஸ் ஏறினாள். திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அவள் எண்ணம். பார்கவி ஜூனில் மல்லேஸ்வரம் போகிறாள், வீடு காலியாகிறது. அத்திபெலேயில் விசாரித்து விசாரித்து லாரிப் பட்டறைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட வரிசை வீடுகளைக் கண்டுபிடித்தாள். சொர்ணம் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். எழுந்து, "வாங்கக்கா" என்றாள். ஒரு நொடி யோசித்த பிறகுதான் சொன்னாள்.

உள்ளே அனல். மங்களம் பாயில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மூடியை, காகத்தை, குடல் துண்டை, மழையை. எதையும் மறைக்கவில்லை. "தப்பு என்னோடதுதான் சொர்ணம். உன்மேல அபாண்டமா பழி போட்டேன். திரும்பி வந்துடு. வாட்ச்மேன் சொன்னாரு, வேல அப்படியே இருக்காம்."

காகம் குளித்த இடத்தில் சொர்ணம் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நெசமாவே சேத்துக்குவாங்களாக்கா?" என்று கேட்டாள். "இங்க ஒரு வேலையும் இல்ல. நாள் பூரா இந்தத் தகரத்துக்குக் கீழ வெந்துனு கெடக்கறேன். அவரு சாயங்காலம் வரட்டும், கேட்டுச் சொல்றேன். ஒத்துக்குவாரு." அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது மங்களத்துக்கு நன்றாகத் தெரிந்தது.

"எவ்ளோ வெயில்ல வந்திருக்கீங்க. இருங்க" என்று எழுந்து போனாள். மூலையில் பானை இருந்தது. சுத்தமான துணியால் மூடி வைத்திருந்தாள். டம்ளரை இரண்டு தரம் அலசிவிட்டு மொண்டு வந்தாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. டம்ளரின் அடி பளபளவென்று தெரிந்தது.

மங்களத்துக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் தாகம். குடித்துவிட வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தாள். அண்ணாந்து ஊற்றாமல், உதடு வைத்தே குடிக்க வேண்டும் என்று முடிவு செய்து, டம்ளரை உதட்டில் வைத்து உறிஞ்சினாள். வாய் நிறைந்தது. தொண்டை திறக்கவில்லை. விழுங்கு, விழுங்கு என்று அவளே அவளிடம் கெஞ்சினாள். இரண்டு வருஷம் காக்கைப் பீயை மடமடவென்று இறக்கிய தொண்டை அது. இந்த ஒரு வாய்க்கு இறுகி நின்றது. கண்ணில் நீர் முட்டியது. ஓடிப்போய் வாசல் சாக்கடையில் துப்பிவிட்டாள்.

நிமிர்ந்தபோது சொர்ணம் நிலைப்படியில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

"சொர்ணம், அது வந்து, பஸ்ஸுல வந்தது, வயிறு..."

"தெரியும்க்கா" என்றாள் சொர்ணம். மங்களத்தின் கையிலிருந்த டம்ளரை வாங்கி, மீதித் தண்ணீரைத் தானே குடித்தாள். வாயைப் புறங்கையால் துடைத்தாள். "அவர கேக்க வேணாம். நாங்க இங்கயே இருந்துக்கறோம். மூணு மணி பஸ்ஸ விட்டா அப்பறம் அஞ்சுக்குத்தான், கெளம்புங்க."

மங்களம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொர்ணம் கதவைச் சாத்திக்கொண்டாள்.